பெரிய டாக்டர் கோவிச்சுக்குவார்

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணியை எல்லோரும் புகார் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு அரைவட்ட ஓட்டை. நிமிர்ந்து நின்று பேசினால் உள்ளே கேட்காது, குனிந்தால்தான் கேட்கும். புகார் சொல்ல வருகிறவர் எவ்வளவு கோபமாக வந்தாலும் ஓட்டை வரைக்கும் குனிவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். யார் அளவெடுத்துச் செய்தார்களோ, விவரமான ஆள்.

தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக இருக்கிறது, குழாயில் காற்று மட்டும் வருகிறது. எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கேட்டு, "பதிவு பண்ணிட்டேன், ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்பாள். மாதக் கடைசியில் மேலிடத்துக்கு ஒரு அறிக்கை போகும். அதில் நிலுவைப் புகார்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 'விளக்கம் அளிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் ஒரு புகார் முடிந்ததாகக் கணக்கு. அந்த வித்தையை அவள் கண்டுபிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஒரே கார், ஒரே ஆசிரியர், வீட்டு டெலிபோன் நம்பர்தான் பள்ளியின் நம்பர். தெருவே அவரை வாத்தியார் என்றது. காருக்குள் அவர் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்கும். காரை விட்டு இறங்கினால் வேறு ஆள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். ஓட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால், வந்ததைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவார்.

அந்த நல்ல குணத்தால்தான் வயிற்றுக் கோளாறை நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ரத்தம் போக ஆரம்பித்த பிறகும், மூலமாக இருக்கும், இதற்குப் போய் ஒருத்தரைத் தொந்தரவு பண்ணுவதா என்று இருந்துவிட்டார். பெண்டாட்டி கழிப்பறையில் கண்டுபிடித்துக் கேட்டபோதுகூட, "உனக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொல்லல" என்றார். பெருங்குடலில் புற்றுநோய். ஒரு முழ நீளத்துக்குக் குடலை வெட்டி எடுத்தார்கள். பக்கத்திலிருந்த இரண்டு நிணநீர் முடிச்சிலும் அது போயிருந்தது. அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், பன்னிரண்டு தடவை.

மருந்து ஏற்றுவதற்குப் பெரிய டாக்டரைப் பிடித்துக் கொடுத்தது வாத்தியாரின் அக்கா. பிடித்துக் கொடுத்தது என்று சொல்வது சும்மா இல்லை. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாகச் சொல்லி, மூன்று வாரம் கழித்துக் கிடைக்க வேண்டிய நேரத்தை மூன்று நாளில் வாங்கித் தந்தாள். அன்றிலிருந்து அந்த டாக்டர் அவள் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டார். "என் தம்பியைப் பார்க்கிறது யாருன்னு தெரியுமா" என்று ஆரம்பித்தாளானால் எதிரில் இருப்பவர் தன் வீட்டு நோயாளியை நினைத்துக் கூசிப்போக வேண்டும்.

பெரிய டாக்டரின் காத்திருப்பு அறையில் மீன் தொட்டி இருந்தது, மெத்தை நாற்காலி இருந்தது, அதில் அறுபது பேர் இருந்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நாலு நிமிஷம் கிடைக்கும். அந்த நாலு நிமிஷமும் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழு தடவை போய்வந்த பிறகு, டாக்டர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் புகார் மேடத்தால் அவருடைய இடது காதை மட்டும்தான் சரியாகச் சொல்ல முடியும்.

"எப்படி இருக்கீங்க?" என்று காது கேட்கும்.

"நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார் வாத்தியார். முந்தின இரவு முழுக்க வாந்தி எடுத்தவர்.

வெளியே வந்ததும் அவள் கோபித்துக்கொள்வாள். அவரோ, வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது நம் கதையை எல்லாம் அளந்துகொண்டிருந்தால் அவர் என்ன நினைப்பார் என்பார். தன் நோயால் டாக்டருக்கு எந்தச் சிரமமும் வந்துவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்ணாக இருந்தார்.

ஏழாவது தடவை மருந்து ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. மருந்துக்கு நடுவில் உடம்பு கொஞ்சம் தேறுகிற நாட்களில் வாத்தியார் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால்தான் நோயாளி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு டெலிபோன் அடித்தது. பேசியது, அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு தையற்கடைக்காரம்மா. ஒரு புகார் சொல்லணும் என்றுதான் ஆரம்பித்தாள். மேடம் பழக்கதோஷத்தில் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

காலையில் கார் ஒரு குப்பைத்தொட்டியில் இடித்துவிட்டதாம். பெரிய அடி இல்லை, விளக்குக் கண்ணாடி மட்டும் போயிற்று. தன் மேல் தப்பு என்று வாத்தியார் திட்டியதாகவும், திட்டியதைப் பற்றித் தனக்கு வருத்தமில்லை என்றும், ஆனால் நடந்தது அதுவல்ல என்றும் அந்த அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"நான் பயந்துபோய்க் கீழதான் பார்த்தேன். சார் பக்கம் ஒரு பிரேக் இருக்கில்ல, அதை மிதிச்சார். மிதிச்சது பிரேக்கை இல்ல. தரையை. காலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல மூணு இஞ்ச் இருந்தது. நாப்பது வருஷமா துணி வெட்டுறேன், என் கண்ணு தப்பாது. அவருக்கு அது தெரியவே இல்லம்மா. மிதிச்சுட்டே இருந்தார்."

மேடம் பேனாவை வைத்துவிட்டாள். அவருக்கு என்ன உடம்பு என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் பாடத்தை அவர் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம், தனக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டெலிபோனை வைத்தாள்.

வாத்தியார் அப்போது வாசலில் உடைந்த விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடைந்ததைத் துடைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்பதற்குப் பதிலாக அவள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

இரண்டு மாதமாகவே மரத்துப்போயிருந்ததாம். முதலில் விரல் நுனி, பிறகு பாதம். செருப்பு கழன்று விழுந்தால் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. நீ மருந்து வாங்கப் போயிருந்தப்போ."

"என்ன சொன்னார்?"

"இந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும்னார்." கொஞ்சம் யோசித்து, டாக்டருக்காக வக்காலத்து வாங்கினார். "அப்படித்தானே இருக்கு."

அன்று மாலை மேடம் மருத்துவமனைக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறாளே தவிர, பிரித்துப் படித்ததில்லை. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள். ஏழு தாளிலும் ஒரே வரி: 'நோயாளி நலம். புகார் ஏதும் இல்லை.' மூன்றாவது தாளில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அந்தப் பிழை நாலு, ஐந்து, ஆறு, ஏழிலும் அச்சு மாறாமல் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த வரியைப் பார்த்து நிம்மதிப்பட்டிருப்பார்கள். 'புகார் ஏதும் இல்லை' என்பது எப்படித் தயாராகிறது என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவளே தயாரித்துக்கொண்டிருந்த சரக்கு. கையும் களவுமாகப் பிடித்தது யாரை என்றே அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

மறுநாள் ஆபீசில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டரிடம் விசாரித்தாள். அவன் பெண்டாட்டிக்கு இரண்டு வருஷம் முன்பு இதே வியாதி. அவர்கள் பார்த்த டாக்டரம்மாவைப் பற்றி அவன் குறையாகத்தான் சொன்னான்: நொய் நொய்யென்று கேள்வி கேட்பாங்க மேடம், நாம உட்கார்ந்து பதில் சொல்லணும், பாதி நாள் போயிடும். மேடம் அங்கேயே நம்பரை வாங்கிக்கொண்டாள்.

டாக்டரை மாற்றலாம் என்றதும் வாத்தியார் பதறிப்போனார். குடலை வெட்ட வேண்டும் என்று சொன்னபோதுகூட அவர் அவ்வளவு பதறவில்லை. "பெரிய டாக்டர் கோவிச்சுக்குவார்ம்மா. இவ்வளவு தூரம் பார்த்துட்டு இப்போ நடுவுல விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கு? மனுஷன் மனசு என்ன பாடுபடும்?"

அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். தம்பிக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு அலையவில்லை என்றாள். பார்த்துக் கட்டிவைத்த பெண் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதைக் கவனித்துவிட்டு, அதையும் ஒன்றும் லேசாகப் பார்த்துவிடவில்லை என்று சேர்த்துக்கொண்டாள். சிபாரிசு பண்ணியவர் முகத்தில் எப்படி விழிப்பது, நாளைக்கு நமக்கு ஒரு அவசரம் என்றால் யார் உதவுவார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினாள். தம்பியின் காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கேட்பதுதானே தொழில். கடைசியில், "அண்ணி, நீங்க பார்த்துக் குடுத்த டாக்டர் நல்ல டாக்டர்தான். இவர் கால் தரையில இருக்கா பிரேக்குல இருக்கான்னு இவருக்கே தெரியல. அதையும் பார்க்கிற டாக்டர் ஒருத்தர் வேணும்" என்றாள். அக்கா போகும்போது, எதற்கும் தன் பெயரை அங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் ஆபீசில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை அறிக்கை, ஸ்கேன் படங்கள், என்னென்ன மருந்து எவ்வளவு ஏறியது என்ற கணக்கு, வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி, அதிலிருந்து மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். எல்லாம் பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட் அறையில் இருந்தன. மேடம் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

அந்த அறையிலும் ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு ஓட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வெளிப்பக்கம் நின்று குனிந்தாள். உள்ளே இருந்தவர் விண்ணப்பம் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததும், "ரெண்டு நாள்ல ரெடியாகிடும்" என்றார்.

அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே இழுவை, அதே கனிவு. அந்தக் குரலில் சொல்லப்படும் இரண்டு நாள் எவ்வளவு நீளம் என்றும் தெரியும். அதனால் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களின் தாள் அடியில் போய்விடும். ஒரு நாற்காலியைத் தடுப்புக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொண்டாள். விண்ணப்பத்துக்கு வரிசை எண் கேட்டாள். வந்த நேரத்தைக் குறித்தாள். பிறகு சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தார் பாவம். பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் கட்டியையும் சில்லுகளையும் கொடுக்க, பார்க்கிற டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார். அது நிஜமான விதிதான். சுவரில் எழுதியிருந்ததை அவள் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆக, பெரிய டாக்டரைப் பார்த்து நேரில் சொல்லாமல் முடியாது. வாத்தியார் இரண்டு நாள் தூங்கவில்லை. என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். 'தாங்கள் காட்டிய அன்புக்கும் அக்கறைக்கும்' என்று அது ஆரம்பித்தது. போகிற அன்று, இரண்டு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்த டி-ஷர்ட்டை விட்டுவிட்டு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் வெளியே வர அரை மணி ஆயிற்று. மாப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் அலங்காரம் பண்ணிக்கொள்ள மாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் மீன்களைப் பார்த்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வாத்தியார் உட்காரவில்லை. நின்றபடியே விண்ணப்பத்தை மேஜையில் வைத்தார். தாளைப் பிரித்தார்.

"டாக்டர், நாங்க வேற இடத்துல காட்டலாம்னு..."

பெரிய டாக்டர் கையெழுத்தைப் போட்டுவிட்டு விண்ணப்பத்தைத் தள்ளினார். கண் கம்ப்யூட்டரில். "ரத்தம் நல்லா இருக்கு. எட்டாவது போட்டுடலாம். அடுத்த வாரம் வாங்க."

வாத்தியார் தாளும் கையுமாக நின்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுதி வந்த தாளை ஒரு தடவை தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாம போறது அவருக்குத் தெரியவே இல்லம்மா."

அவள் அதற்கு என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சா வருத்தப்படுவார்தான். தெரியாம இருக்கட்டும்" என்றாள். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. மீன் இல்லை. மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றியது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஐந்து மாத வைத்தியத்தில் யாரும் கேட்காத கேள்வி. கார் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னதும், "செருப்பைக் கழட்டுங்க" என்றாள்.

கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தொட்டாள். தொட்டபோதெல்லாம் சொல்லச் சொன்னாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தார். டாக்டரம்மா ஒன்பது தடவை தொட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற மேடம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்து சட்டைப் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னாள். அவர் விரல்கள் பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றைப் போட மூன்று நிமிஷம். டி-ஷர்ட் ஏன் வந்தது, அரை மணி ஏன் ஆயிற்று என்பதெல்லாம் மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரார் குறைகளை ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரே கட்டிலில் தூங்குகிறவரின் விரல் தெரியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். போட்ட மருந்து சரியான மருந்து, நானாக இருந்தாலும் அதையேதான் கொடுத்திருப்பேன் என்றாள். இரண்டு மருந்தில் ஒன்றுதான் நரம்பைக் கெடுக்கிறது. கால் மரத்துப்போனதும் அதை நிறுத்தியிருக்க வேண்டும். இனிமேல் அது வேண்டாம், மற்றதை மட்டும் முடித்துவிடலாம். காலில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பி வரலாம், முழுக்க வராமலும் போகலாம். அதுவரை அடுத்தவரை ஓட்டவைத்துப் பக்கத்தில் உட்காரக் கூடாது.

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, பெரிய டாக்டர் சரியான மருந்துதான் குடுத்திருக்கார்" என்றார் பெண்டாட்டியிடம். அவள் அவரைப் பார்த்த பார்வைக்கு எந்த மருந்தும் கிடையாது.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள் டாக்டரம்மா. மேடம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வரிசை எண் போட்டுப் பதினாலு கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் கேள்வியைப் படிக்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படிக்கப் பார்த்தாள். வரவில்லை. இத்தனை மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பஞ்சும் பொத்தானும் போதுமென்று ஆகி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கனைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சாப்பாடு, ஜில்லென்று குடிக்கலாமா, அடுத்த ஸ்கேன் எப்போது. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, அவர் தப்பும் தவறுமாகக் குறித்துக்கொண்டே போனார். பத்து முடிந்தது. பதினொன்றையும் அதே குரலில் படித்தார்.

"அவர் வெளியே போனதும் கேட்கவும். பிழைப்பாரா."

அவர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் வெளிய போகணுமா டாக்டர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னா இருங்க."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருக்கேன்" என்றார்.

உங்களை மாதிரி பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் ஐந்து வருஷம் கழித்து ஆறேழு பேர் நன்றாக இருப்பார்கள் என்றாள் டாக்டரம்மா. நீங்கள் அதில் ஒருத்தரா என்று இப்போது தனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். வாத்தியார் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பன்னிரண்டாவது கேள்விக்குப் போனார்.

மிச்சமிருந்த ஐந்து தடவையும் அங்கே முடிந்தது. ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. வாத்தியாருக்கு இந்த டாக்டரம்மாவைப் பற்றி ஏகப்பட்ட குறை: கேள்வி அதிகம், நல்லா இருக்கேன் என்று சொன்னால் விடுவதில்லை, எப்படி நல்லா என்று கேட்கிறாள். குறை சொல்லத் தெரிந்துவிட்டது என்று மேடம் சந்தோஷப்பட்டாள். அவள் ஆபீசில் வேறு ஒரு சங்கடம். சொல்வதைச் சொன்னபடியே எழுத ஆரம்பித்ததில் மாதக் கடைசியில் நிலுவை நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா மேடம், லீவு வேண்டுமா என்று அக்கறையாக விசாரித்தார்.

எட்டு மாதம் வாத்தியார் காரில் ஏறாமல், முன்னறையில் கரும்பலகை வைத்து சாலை விதிகள் மட்டும் சொல்லிக்கொடுத்தார். சத்தம் போட இடமில்லாமல் திணறிப்போனார். வலது காலில் உணர்ச்சி முழுக்கத் திரும்பியது. இடது குதிகாலில் மட்டும் இன்னும் ஒரு ரூபாய் அகலத்துக்கு மரத்தே இருக்கிறது. டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மேடம் கார்ச்சாவியைக் கண்ணில் காட்டினாள்.

நாலு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஸ்கேன் அன்று காலையில் இருவருக்கும் தவறாமல் சண்டை வரும், எதற்காவது. போன தடவை குடை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று. வெயில் அடிக்கிறதே என்றார் அவர். திரும்பி வரும்போது அடிக்குமா என்றாள் அவள். வாடகை வண்டியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. மழை வரவில்லை. குடையைச் சுமந்துகொண்டு வந்தது தான்தான் என்று வாத்தியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.